மழைத் தண்ணீரை நிதானமாக்கும் சதுப்பு நிலம்

கனமழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்திலேயே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், வடிகால் போதவில்லை, இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் வடிகாலைப் பெரிதாக்கினால் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடி, தாழ்வான பகுதியில் இருப்பவர்களின் வாசலில் இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேரும். வெள்ளம் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சதுப்பு நிலம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. வந்த தண்ணீரை விரட்டாமல் பிடித்து வைக்கிறது, பரப்புகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. வெள்ளத்தைத் தணிப்பது ஒரு திறமை, தண்ணீரைச் சுத்தம் செய்வது இன்னொரு திறமை என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். என் பார்வையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஓடி வரும் தண்ணீர் அங்கே நிதானப்படுகிறது. இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால், ஒரு சதுப்பு வேலை செய்யுமா செய்யாதா என்பதை நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம்.

தண்ணீருக்கு ஏன் இத்தனை அவசரம்?

மரமும் புல்லும் மூடிய நிலத்தில் பெய்யும் மழையில் சுமார் 10 சதவீதம்தான் மேலாக வழிந்தோடும். மீதி மண்ணுக்குள் இறங்கும் அல்லது இலை தழைகளில் தங்கி ஆவியாகும். அதே நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் கூரை, தார், கான்கிரீட் என்று மூடிவிட்டால் வழிந்தோடுவது 55 சதவீதம்வரை போகும். அமெரிக்க அரசுத் துறைகள் பொதுவாகக் காட்டும் கணக்கு இது. மண், சரிவு, மழையின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும்.

அளவு கூடுவதைவிட, நேரம் சுருங்குவதுதான் பெரிய சிக்கல். மழை நாளில் ஓர் ஓடையில் மணிக்கு மணி எவ்வளவு தண்ணீர் போகிறது என்று வரைபடம் போட்டுப் பாருங்கள். காட்டுப் பகுதியில் கோடு மெல்ல ஏறி, தாழ்வாகப் படர்ந்து, மெல்ல இறங்கும். கட்டடங்கள் நிறைந்த பகுதியில் செங்குத்தாக ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். வீட்டுக்குள் தண்ணீர் புகுவது அந்த உச்சத்தில்தான். மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டர்கூடக் குறையாவிட்டாலும், உச்சத்தை மட்டும் தணித்துவிட்டால் பல வீடுகள் தப்பிவிடும்.

அந்தத் தண்ணீர் வெறுங்கையோடும் வருவதில்லை. டயர் தேய்ந்து உதிரும் துகளில் துத்தநாகம் இருக்கிறது, பிரேக் தேய்மானத்தில் செம்பு இருக்கிறது. என்ஜின் எண்ணெய்க் கசிவு, கட்டுமான இடங்களின் மண், புல்வெளிக்கும் வயலுக்கும் போட்ட உரத்தின் நைட்ரஜனும் பாஸ்பரசும், விலங்குக் கழிவிலிருந்து வரும் கிருமிகள் எல்லாமே சேர்ந்து வரும். வறண்ட நாட்களில் சாலையில் படிந்து கிடந்ததை முதல் மழையே வாரிக்கொண்டு போவதால், பல இடங்களில் மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீர்தான் ஆகக் கலங்கலாக இருக்கும்.

இது எவ்வளவு விஷமானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து நகர ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்திலேயே செத்து மிதந்தன. காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. டயர் ரப்பர் சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உண்டாக்கும் புதுப் பொருள்தான் அவற்றைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இன்னொரு சோதனை நடந்திருந்தது. நெடுஞ்சாலையில் வழிந்த தண்ணீரை மணலும் மட்கும் கலந்த மண் அடுக்கு வழியாக இறக்கி, அதில் மீன்களை விட்டபோது அவை பிழைத்தன. வடிகட்டாத அதே தண்ணீரில் விட்டவை செத்தன. எந்த நஞ்சு என்று பெயர்கூடத் தெரியாத காலத்திலேயே மண் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சதுப்பு நிலத்தின் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு இப்படிப்பட்ட செய்திகள்தான் காரணம்.

ஒரு சதுப்பில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

சதுப்பை ஸ்பாஞ்சோடு ஒப்பிடுவார்கள். பாதி சரி. உலர்ந்த ஸ்பாஞ்சுதான் தண்ணீரை உறிஞ்சும். சதுப்பின் மண்ணோ பெரும்பாலும் ஏற்கெனவே ஊறிப்போய் இருக்கும். அதனால் வெள்ளத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்த மண் கிடையாது, மண்ணுக்கு மேலே காலியாகக் கிடக்கும் இடம். தண்ணீர் மட்டம் இன்னும் எவ்வளவு உயரலாம், எவ்வளவு பரப்பில் விரியலாம் என்பதுதான் கேள்வி.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு ஹெக்டேர் சதுப்பில் தண்ணீர் மட்டம் 30 செ.மீ. உயர இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 சதுர மீட்டரை 0.3 மீட்டரால் பெருக்கினால் 3,000 கன மீட்டர், அதாவது 30 லட்சம் லிட்டர். இப்போது ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை கொட்டுகிறது. சதுப்பின் மேலேயே நேராக விழும் மழை 5 லட்சம் லிட்டர். மீதி 25 லட்சம் லிட்டருக்கு இடம் இருக்கிறது. முழுக்கக் கான்கிரீட்டால் மூடிய 5 ஹெக்டேரில் விழும் மழை மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

அடங்குவதோடு கதை முடிவதில்லை. அந்த 5 ஹெக்டேரிலிருந்து மழை பெய்யும் ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர் சராசரியாக நொடிக்கு 700 லிட்டர் அளவில் இருக்கும். சதுப்பு நிறைந்த பிறகு, சிறிய வாய் வழியாக அதை ஒரு முழு நாளில் வெளியேற்றினால் நொடிக்குச் சுமார் 35 லிட்டர்தான். தண்ணீர் குறையவில்லை, ஆனால் ஓடைக்குப் போய்ச் சேரும் வேகம் இருபதில் ஒரு பங்காகிவிட்டது. மூன்று நாள் விடாமல் பெய்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், அதையும் சொல்லியாக வேண்டும். முதல் மழையில் நிறைந்த சதுப்புக்கு, அடுத்த மழைக்குள் வடிய நேரம் வேண்டும். வெள்ளத்துக்காகச் சதுப்பை நம்புகிறவர்கள் எப்போதும் அதில் காலி இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழகுக்காகக் கரை விளிம்புவரை தண்ணீரை நிறுத்தி வைத்தால் படகு விடலாம், வெள்ளத்தைத் தடுக்க முடியாது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஆறு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓடும் சார்லஸ். 1955இலும் 1968இலும் அங்கே பெரிய வெள்ளம் வந்தது. என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த ராணுவப் பொறியாளர் படை வழக்கமாக அணையும் கரையும் கட்டும் அமைப்பு. 1968 வெள்ளத்தை உன்னிப்பாகப் பார்த்தபோது அவர்களுக்கு ஒன்று புரிந்தது. பாஸ்டன் பக்கம் உள்ள கீழ்ப்பகுதியில் அக்கம்பக்கத்து மழைநீர் உடனே உச்சத்தைத் தொட்டது. மேற்பகுதியில் பெய்த மழையோ அங்கிருந்த சதுப்புகளில் பரவித் தங்கி, சில நாட்கள் கழித்துத்தான் கீழே வந்தது. இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது அந்தச் சதுப்பு. அதனால் மேற்பகுதிக்குப் புதிதாக எதையும் கட்டாமல், இருக்கும் சதுப்புகளை வாங்கிக் காப்பாற்றுவதே சிக்கனம் என்று பரிந்துரைத்தார்கள். 1974இல் அனுமதி கிடைத்தது. 17 இடங்களில் சுமார் 8,100 ஏக்கர் நிலத்தை விலைக்கோ உரிமை ஒப்பந்தத்துக்கோ பெற்று, 1983இல் வேலையை முடித்தார்கள். கட்டுமானத்தையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு, கணக்குப் பார்த்து, கட்டாமல் விட்டது. சதுப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஆட்டர் கிரீக். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வந்தபோது, மேற்பகுதியில் இருக்கும் ரட்லண்ட் ஊரில் ஆறு ஒரே மூச்சில் பொங்கியது. அங்கிருந்து கீழே இருக்கும் மிடில்பரிக்கு அது வந்தபோது உச்ச ஓட்டம் பாதிக்கும் கீழ். இரண்டு ஊருக்கும் நடுவே கிடக்கும் பரந்த சதுப்பும் வெள்ளச் சமவெளியும் தண்ணீரை வாங்கி, நாள் கணக்கில் மெல்ல விட்டிருந்தன. பொதுவாக ஆறு கீழே வர வர தண்ணீர் கூடும். இங்கே குறைந்தது.

எல்லாச் சதுப்பும் இப்படிச் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. மலைச்சரிவின் உச்சியில், ஆறு பிறக்கும் இடத்தில் இருக்கும் சதுப்புகள் சில நேரம் ஏற்கெனவே தளும்பி நிற்கும். அதன் மேல் விழும் மழை உள்ளே போக வழியில்லாமல் நேராகச் சரிவில் இறங்கி வெள்ளத்தைக் கூட்டவும் செய்யும். ஆற்றோரமாக, தாழ்வாக, அகலமாக விரிந்து கிடக்கும் சதுப்புகள்தான் வெள்ளத்துக்கு நம்பகமானவை.

அழுக்கு எங்கே போகிறது?

முதல் வேலையைப் புவியீர்ப்பே செய்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும், வேகம் குறைந்தால் கீழே போட்டுவிடும். அசையாத தண்ணீரில் கரடுமுரடான மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்கச் சில நொடிகள் போதும். மெல்லிய வண்டல் துகளுக்கு மணிக்கணக்கில் ஆகும். மிக நுண்ணிய களிமண் துகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேலே ஆகலாம். சதுப்பு ஆழம் குறைவாக இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: ஒரு மீட்டர் விழ வேண்டிய துகள் 30 செ.மீ. மட்டும் விழுந்தால் போதும். அடர்ந்து நிற்கும் கோரை, நாணல், சம்பு ஆகியவற்றின் தண்டுகள் அலையையும் சுழலையும் உடைத்து, விழுந்த சேறு திரும்பக் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். கன உலோகங்களும் பாஸ்பரசின் ஒரு பகுதியும் எண்ணெயும் பெரும்பாலும் இந்த நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் வரும். எனவே துகள் படிந்தாலே பாதி அழுக்கு படிந்த மாதிரி.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. தண்ணீருக்குள் இருக்கும் ஒரு நாணல் தண்டைப் பிடித்து விரலால் வழித்துப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் கையில் வரும். பாக்டீரியா, பாசி, பூஞ்சை எல்லாம் ஒட்டி வாழும் படலம் அது. தண்ணீரோடு வரும் கரிமப் பொருளை அது தின்கிறது. ஒரு சதுர மீட்டர் சதுப்பில் எத்தனை தண்டு, எத்தனை உதிர்ந்த இலை, ஒவ்வொன்றிலும் எத்தனை படலம் என்று நினைத்துப் பார்த்தால், வெறும் குளத்தைவிடச் சதுப்பு ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று புரியும்.

நைட்ரஜனின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சதுப்புச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. ஆனால் சதுப்புச் செடிகளின் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் உண்டு. அவை இலையிலிருந்து வேர்வரை ஆக்சிஜனைக் கொண்டுபோகும், வேரைச் சுற்றி அது கொஞ்சம் கசியும். அந்த மெல்லிய வளையத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறு வகை பாக்டீரியாக்கள் இருக்கும். அவை அந்த நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிச்சமாகும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். நாம் மூச்சு விடும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் அதே வாயுதான். உரத்தில் இருந்தது தண்ணீரை விட்டு நிரந்தரமாக வெளியேறிவிட்டது. இந்த இரண்டு மாற்றங்களையும் கழிவுநீர் ஆலையில் செய்ய, காற்று ஊதும் தொட்டி ஒன்றும் ஊதாத தொட்டி ஒன்றும் வைப்பார்கள். சதுப்பில் இரண்டும் ஒரு வேரின் பக்கத்திலேயே நடக்கின்றன.

பாஸ்பரசுக்கு இந்த வசதி இல்லை. அது வாயுவாகிப் போகாது. மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்ளும், செடிக்குள் போகும், செடி மட்கினால் திரும்ப வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் புதைந்து சேர்ந்துகொண்டே இருக்கும். மண்ணின் கொள்ளளவு நிரம்பிவிட்டாலோ, சேறு மேலும் ஆக்சிஜன் இழந்து இரும்பு பிடியை விட்டாலோ, சேர்த்து வைத்ததைச் சதுப்பே திருப்பித் தண்ணீரில் விடும். முதல் சில ஆண்டுகள் பிரமாதமாக வேலை செய்து பிறகு சோர்ந்துபோகும் சதுப்புகள் உண்டு என்றால், பல நேரம் காரணம் இதுதான்.

கிருமிகள் வெயிலில் சாகும், நுண்ணுயிர்களுக்கு இரையாகும், துகளோடு படியும். நீர்ப்பறவைகள் நிறைய வந்தால் கொஞ்சம் கூடவும் செய்யும். உப்பு மட்டும் எதற்கும் அசையாது. குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு சதுப்பில் நுழைந்தபடியே வெளியேறிவிடும். கடுங்குளிரில் பாக்டீரியாவின் வேகமும் குறையும்.

இந்தச் செடிகளைத் தெரிந்தே தண்ணீர் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியை 1950களில் முன்னெடுத்தவர் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் கேத்தே சைடல். தண்ணீரில் வளரும் கோரை வகைகளைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்த்து, அவை தாங்கி நிற்பதோடு தண்ணீரையும் தெளிய வைக்கின்றன என்று காட்டினார். இன்று உலகெங்கும் கட்டப்படும் செயற்கைச் சதுப்புகளின் வேர் அந்தச் சோதனைகளில் இருக்கிறது.

நாமே கட்டும் சதுப்பு

புதிதாகச் சதுப்பு அமைக்கும்போது தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து பார்ப்பதுதான் புரிந்துகொள்ள எளிது.

வடிகால் வாயில் முதலில் ஒரு வண்டல் குழி இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக, மொத்தக் கொள்ளளவில் சுமார் பத்தில் ஒரு பங்காக. வேகமாக வரும் தண்ணீர் இங்கே மூச்சு வாங்கும். மணலும் குப்பையும் பிளாஸ்டிக்கும் இங்கேயே நின்றுவிட வேண்டும். இந்தக் குழியைச் சேர்க்காமல் பணத்தை மிச்சம் பிடித்தால், சில ஆண்டுகளில் செடிகள் நிற்கும் பகுதி முழுக்க மண்மேடாகிவிடும். என்னைக் கேட்டால், சதுப்பு அமைப்பில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

குழியைத் தாண்டித் தண்ணீர் ஒரு தாழ்ந்த கரையின் மேல் அகலமாக வழிந்து, 15 முதல் 45 செ.மீ. ஆழம் மட்டுமே உள்ள செடிப் பகுதிக்குள் போகும். இதில் கவனிக்க வேண்டியது பாதையின் நீளம். உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடும், மீதி இடமெல்லாம் சும்மா கிடக்கும். ஐந்து ஹெக்டேர் சதுப்பில் அரை ஹெக்டேர் மட்டும் வேலை செய்யும். அதனால் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமாவது வைப்பார்கள், அல்லது நடுவே மண் திட்டுகள் போட்டுத் தண்ணீரை வளைந்து வளைந்து போக வைப்பார்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே ஆழமும் மேடும் மாறி மாறி வரும்படி அமைத்தால் தண்ணீர் ஒரே தடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் அகலம் முழுக்கப் பரவும்.

கடைசியில் வெளியேறும் இடம். அங்கே சிறிய ஆழக் குட்டை, அதில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை அல்லது மதகு. மேலே மிதக்கும் இலையும் குப்பையும் அடைக்காமல் இருக்கத்தான் கீழே வைப்பது. மழையில் உயர்ந்த மட்டம் ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வடியும்படி அதன் அளவைக் கணக்கிடுவார்கள். அதற்கு மேலே ஒரு கலங்கல், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் திறப்பு. சதுப்பால் தாங்க முடியாத பெருமழை வந்தால் கரை உடையாமல் தண்ணீர் அதன் வழியாகப் பாதுகாப்பாகப் போகும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்றால், தண்ணீர் வந்து சேரும் மொத்த நிலப்பரப்பில் 2 முதல் 5 சதவீதம் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. நிலம் விலை உயர்ந்த இடத்தில் இது சுலபம் கிடையாது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே தாழ்வான இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு திரும்ப வாங்கும் செலவு பல மடங்கு.

நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் 1990களிலிருந்து இப்படி ஒரு திட்டம் நடக்கிறது, புளூபெல்ட் என்று பெயர். ஓடைகளைக் குழாய்க்குள் புதைக்காமல், ஓடை, குட்டை, சதுப்பு எல்லாவற்றையும் நகர வடிகால் அமைப்பின் ஒரு பகுதியாகவே வைத்துப் பராமரிக்கிறார்கள். தெருவின் மழைநீர் வடிகால் குழாய் ஒரு கட்டத்தில் முடிந்து, அங்கிருந்து தண்ணீர் கட்டப்பட்ட சதுப்புக்குள் போகிறது.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது சீனாவின் ஹார்பின் நகரில் உள்ள குன்லி மழைநீர்ப் பூங்கா. அங்கே 34 ஹெக்டேர் இயற்கைச் சதுப்பு ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் சாலையும் புதுக் குடியிருப்பும் வந்ததால் அதற்கு வரும் தண்ணீர் நின்றுபோய், சதுப்பு காய்ந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள தெருக்களில் வெள்ளம், நடுவில் சதுப்புக்குத் தாகம். நிலவடிவமைப்பாளர் யூ கோங்ஜியானும் அவர் குழுவினரும் நடுப் பகுதியைத் தொடவே இல்லை. ஓரத்தைச் சுற்றி மட்டும் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்து, குட்டையும் மேடுமாக ஒரு வளையம் அமைத்தார்கள். சுற்றுச் சாலைகளின் மழைநீரைக் குழாய் மூலம் அந்த வளையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அழுக்கு அந்தக் குட்டைகளில் படிகிறது, தெளிந்த தண்ணீர் நடுச் சதுப்புக்குப் போகிறது. வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டிய அவசியம்கூட அதிகம் இல்லை. மழைநீரை விரட்டாமல் நகரத்துக்குள்ளேயே பிடித்து வைக்க, பின்னாளில் சீனா பல நகரங்களில் முயன்ற ‘ஸ்பாஞ்ச் நகரம்’ என்ற கொள்கைக்கு முன்னுதாரணமாகப் பேசப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

இயற்கைச் சதுப்பைச் சாக்கடையின் கடைசி நிறுத்தமாக்கினால்

குன்லியில் நடுப் பகுதியைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. சதுப்பு தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று கேள்விப்பட்டவுடன், இருக்கிற இயற்கைச் சதுப்பிலேயே எல்லா வடிகாலையும் திருப்பிவிடலாமே என்று தோன்றும். இந்த விஷயத்தில் ஆகப் பெரிய ஆபத்து அதுதான்.

கலிபோர்னியாவில் ஆழம் குறைந்த, சதுப்பு போன்ற கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்துக்கு, பாசன வயல்களிலிருந்து வடியும் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுபோனார்கள். அந்த இடம் வனவிலங்குப் புகலிடமாகவும் இருந்தது. வயல் மண்ணில் இயல்பாகவே இருந்த செலினியம் தண்ணீரில் கரைந்து வந்து அங்கே தேங்கியது. பாசியில் ஏறியது, பூச்சியில் இன்னும் கூடியது, பறவையில் அதைவிடக் கூடியது. 1983இல் கண் இல்லாமலும் அலகு கோணலாகவும் பறவைக் குஞ்சுகள் பிறப்பதைப் பார்த்து அதிர்ந்தார்கள். பிறகு கால்வாயை மூடி, தாழ்வான பகுதிகளை மண் கொட்டி நிரப்ப வேண்டியதாயிற்று. சதுப்பு அழுக்கைப் பிடித்து வைக்கும் என்றால், பிடித்த அழுக்கு அங்கேயேதான் இருக்கும். அங்கே வாழும் உயிர்கள் அதைத்தான் தின்னும்.

நஞ்சு வேண்டாம், வெறும் உரச்சத்தே போதும் கெடுக்க. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் மிகக் குறைந்த பாஸ்பரசில் உருவான பெருஞ்சதுப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மைக்ரோகிராம்தான் அதன் இயல்பு. வடக்கே கரும்பு வயல்களிலிருந்து வந்த தண்ணீர் அதைப் போலப் பல மடங்கு பாஸ்பரசைக் கொண்டுவந்தது. அங்கே காலங்காலமாக இருந்த வாள்புல் பின்வாங்கி, சம்பு பெருங்காடாகப் படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு மூடிப்போனதால் பறவைகளுக்கு இரை தேட இடமில்லாமல் போனது. 1994இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வயலுக்கும் எவர்கிளேட்சுக்கும் நடுவே சதுப்புகளைக் கட்டத் தொடங்கினார்கள். இன்று அவை ஐம்பதாயிரம் ஏக்கருக்கும் மேல். ஒரு சதுப்பைக் காப்பாற்ற இன்னொரு சதுப்பு. தண்ணீர் அவற்றில் பாஸ்பரசின் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் தெற்கே போகிறது.

தண்ணீர் மட்டம் அடிக்கடி மேலும் கீழும் குதிப்பதும் இயற்கைச் சதுப்புக்கு ஆகாது. பல வகைச் செடிகள் ஆண்டின் எந்தக் காலத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு மீட்டர் ஏறி இறங்கினால் அவை மூழ்கி அழிந்து, எதையும் தாங்கும் ஓரிரு வகைகள் மட்டும் மிஞ்சும். எனவே அழுக்கையும் அவசரத்தையும் கட்டிய சதுப்பு வாங்கிக்கொள்ளட்டும். இயற்கைச் சதுப்புக்குத் தெளிந்த, நிதானப்பட்ட தண்ணீர் போகட்டும். பேட்டரி, சாயம், தோல் போன்ற தொழில்களின் கழிவுக்குச் சதுப்பு மருந்தே கிடையாது. அதை உண்டாகும் இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும்.

கொசுவும் பராமரிப்பும்

கொசு பெருகாதா என்று கேட்பார்கள், நியாயமான பயம். வெப்பமான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆனால் அதற்குப் பிடித்தது மீன் இல்லாத, அசையாத, சின்னத் தேக்கம். நன்றாக அமைந்த சதுப்பில் தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், மீனும் தும்பியின் இளம்புழுவும் கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருக்கும். கோடையில் ஆழக் குட்டைகளில் தண்ணீர் வற்றாமல் இருந்தால்தான் அந்த மீன்கள் அடுத்த மழைவரை பிழைக்கும். ஆழக் குட்டையின் இன்னொரு பயன் அது. பராமரிக்காமல் விட்டு, சம்பு சாய்ந்து மெத்தை போல் மூடிக்கொண்டால், மீன் நுழைய முடியாத அந்த இடுக்குகளில் கொசு கண்டிப்பாகப் பெருகும். கெட்டுப்போன ஒரு சதுப்பைப் பார்த்துவிட்டு எல்லாச் சதுப்பையும் வெறுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, என்னதான் பராமரிப்பு? நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் களை எடுப்பதும், வேர் பிடிக்காத செடிக்குப் பதில் மறுநடவு செய்வதும். ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு மதகு வாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. கரையில் அரிப்பு, பொந்து. இவை சின்ன வேலைகள். பெரிய வேலை, வண்டல் குழியைத் தூர்வாருவது. பாதி நிறைந்தவுடன் அள்ளிவிட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது மேலே எவ்வளவு கட்டுமானம் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அள்ளிய சேற்றை நேரே வயலுக்கோ தோட்டத்துக்கோ போட்டுவிடக் கூடாது. துத்தநாகமும் செம்பும் ஈயமும் அதில்தான் சேர்ந்திருக்கும், சோதித்துப் பார்த்த பிறகுதான் எங்கே கொட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். அப்புறம், அள்ளும் இயந்திரம் குழிவரை இறங்க ஒரு பாதையும், ஈரச் சேற்றை வடிய வைக்க ஓர் இடமும் வரைபடம் போடும்போதே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். செடிகள் வளர்ந்து மூடிய பிறகு அதற்கு வழி தேடினால், நட்டதில் பாதியை நசுக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கும்.